பிரேக்கை மிதித்தது யார்

டிரைவிங் ஸ்கூல் காரில் இரண்டு பிரேக் இருக்கும். ஒன்று கற்றுக்கொள்கிறவர் காலடியில், இன்னொன்று பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்கிறவர் காலடியில். அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் பதினொரு வருஷம் கால் வைத்து உட்கார்ந்ததில் அவளுக்கு ‘பிரேக் டீச்சர்’ என்றே பேராகிவிட்டது. வயது முப்பத்தொன்பது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டால், அவள் அக்கா தலையில் அடித்துக்கொண்டு ஒரு கதை சொல்வாள்.

அவளுடைய தொழிலில் ஒரு விசேஷம். ஒரு மனுஷன் தப்புச் செய்கிற அந்த நிமிஷத்தில் பக்கத்தில் இருந்து அவன் முகத்தைப் பார்க்கலாம். வண்டி குலுங்கி நின்றுபோகும். உடனே வாய் திறக்கும். “செருப்பு வழுக்குது டீச்சர்.” “சீட்டு ரொம்ப உயரம் டீச்சர்.” “பின்னாடி ஒருத்தன் ஹாரன் அடிச்சான், அதான்.” ஒரு பெரிய கம்பெனி மேனேஜர், வண்டியைச் சுவருக்கு ஒரு விரல்கடை முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, அந்தச் சுவரை அந்த இடத்தில் எவன் கட்டினான் என்று கேட்டார். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். பிரேக் டீச்சர் பார்த்த உலகத்தில் கூடம் முழுக்கக் கோணல்தான்.

இதெல்லாம் பார்த்துப் பார்த்து அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். அழகு வேண்டாம், வசதி வேண்டாம், வழுக்கை இருக்கலாம், குறட்டை விடலாம். ‘என் தப்பு’ என்று வாயைத் திறந்து சொல்லத் தெரியாத ஆள் மட்டும் வேண்டவே வேண்டாம்.

அக்கா ஏற்பாடு செய்து சந்தித்தவர்கள் ஒன்பது பேர். ஒருவர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். பஸ், மழை, அவருடைய தம்பி என்று மூன்று பேர் மேல் குற்றம் சொன்னார். “நீங்க வீட்டை விட்டு எப்பக் கிளம்பினீங்க?” என்று இவள் கேட்டாள். அதோடு சரி. இன்னொருவர் நல்ல மனுஷன்தான், மருந்துக்கடை வைத்திருந்தார், சிரிக்கச் சிரிக்கப் பேசினார். அவர் கை பட்டு டீ அவர் சட்டையிலேயே கொட்டியது. கப்பை மேஜை ஓரத்தில் வைத்ததற்காகக் டீக்கடைப் பெண்ணைப் பிடித்து ஒரு வாங்கு வாங்கினார். இவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

“ஏன்டி, உனக்கு மூளை கெட்டுப் போச்சா?” என்றாள் அக்கா. “குடிக்கிறவன் வேண்டாம்னு சொல்லு, புரியுது. சந்தேகப்படறவன் வேண்டாம்னு சொல்லு, அதுவும் புரியுது. டீ கொட்டினவன் வேண்டாம்னா நான் யாருகிட்டப் போய்ச் சொல்றது?”

“டீ கொட்டினதுக்கு இல்லக்கா. கொட்டினது நான் இல்லைன்னு சொன்னதுக்கு.”

“குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லைடி.”

“சுற்றம் இல்லாட்டிப் போகுது. நம்ம வீட்டுல இன்னொரு அப்பா வேண்டாம்.”

இந்த இடம் வந்தால் அக்கா பேச மாட்டாள். ஏனென்றால் இரண்டு பேரும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள்.

அப்பா கெட்டவர் இல்லை. அடிக்க மாட்டார், குடிக்க மாட்டார், வேலைக்கு ஒழுங்காகப் போய் வருவார். ஆனால் அந்த வீட்டில் அவர் ஒரு தப்பும் செய்தது கிடையாது. அவர் கால் பட்டுத் தண்ணீர்க் குடம் உருண்டால், குடத்தை நடுவழியில் வைத்தது யார்? அவர் சாவியைத் தொலைத்தால், சாவியை இடம் மாற்றியது யார்? யார் என்றால் அம்மாதான், வேறு யார். முதல் சில வருஷங்கள் அம்மா பதில் சொல்லிப் பார்த்தாள். பிறகு, அவர் கேட்பதற்கு முன்னாலேயே “நான்தான், நான்தான் வச்சேன்” என்று சொல்லப் பழகிக்கொண்டாள். சண்டை சீக்கிரம் முடியுமே!

அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. அம்மாவின் ‘நான்தான்’ மட்டும் போகவில்லை. எங்கே என்ன விழுந்தாலும், மாடி வீட்டில் தட்டு விழுந்தாலும், “நான்தான்” என்று குரல் வந்துவிடும். என்ன விழுந்தது, எங்கே விழுந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. உண்மையைச் சொன்னால், மகள்களுக்கு அது வசதியாகவும் இருந்தது. சின்ன வயதில் பிரேக் டீச்சர் முகம் பார்க்கும் கண்ணாடியை உடைத்தபோது, அம்மாதான் ‘நான்தான்’ சொன்னாள். இவள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் பல்லுக்காரர் வந்து சேர்ந்தார்.

பெயர் என்னவோ பயிற்சி அட்டையில் இருந்தது. ஆனால் ஸ்கூலில் எல்லோரும் பல்லுக்காரர் என்றுதான் சொன்னார்கள். பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் அளவெடுத்து அனுப்ப, பின்னால் ஒரு அறையில் உட்கார்ந்து பல்செட் செய்கிறவர். வயது நாற்பத்து மூன்று. செய்த பற்களைக் கிளினிக் கிளினிக்காகக் கொண்டுபோய்க் கொடுக்க வண்டி ஓட்டத் தெரிந்தாக வேண்டும் என்று வந்திருந்தார். நகக்கண்ணில் எப்போதும் அச்சு வார்க்கிற வெள்ளை மாவு இருக்கும்.

முதல் நாள் வண்டி குலுங்கி நின்றது. இவள் காத்திருந்தாள். செருப்பா, சீட்டா, ஹாரனா?

“என் தப்பு. கிளட்சைச் சீக்கிரம் விட்டுட்டேன்” என்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். மனுஷன் சாதாரணமாகச் சாவியைத் திருகிக்கொண்டிருந்தார்.

“எல்லாரும் வண்டியைத்தான் சொல்லுவாங்க” என்றாள்.

“எங்க வேலையில அது நடக்காது டீச்சர். பல்லு பொருந்தலைன்னா வாயைக் குறை சொல்ல முடியுமா? நாமதான் மறுபடி தேய்ச்சு ராவணும்.”

பதினொரு வருஷத்தில் அவள் பாடத்தின் நடுவே வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். அன்று சாயங்காலம் அக்காவுக்குப் போன் செய்து, ஒன்றும் சொல்லாமல் பத்து நிமிஷம் பேசினாள். அக்கா எதையும் வாசனையிலேயே கண்டுபிடிக்கிறவள். “யாருடி அது?” என்றாள்.

வாரத்துக்கு மூன்று பாடம். ஆறாவது வாரம், பதினேழாவது பாடம். டெஸ்ட்டுக்குப் பத்து நாள் இருந்தது. பெரிய சாலையில் மெதுவாக, சுத்தமாக ஓட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “டெஸ்ட் முடிஞ்சதும் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும் டீச்சர். இப்பக் கேட்டா வண்டி நின்னுடும்.”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாளோ, ரோட்டைப் பார்க்கவில்லை என்பது நிச்சயம். பாடம் சொல்லித் தருகிறவள் செய்யக்கூடாத ஒரே காரியம் அது. மறுபடி திரும்பியபோது முன்னால் வெள்ளையாக ஏதோ குறுக்கே ஓடியது. குழந்தை! அவள் கால் தானாக இறங்கியது. கார் அப்படியே நட்டு வைத்தது போல நின்றது. பின்னால் வந்த ரொட்டிக் கம்பெனி வேன் வந்து இடித்தது. கண்ணாடி நொறுங்கும் சத்தம்.

குறுக்கே ஓடியது குழந்தை இல்லை. காற்றில் பறந்த ஒரு பிளாஸ்டிக் பை.

வேன்காரர் இறங்கி வந்து கத்தினார். “நடு ரோட்டுல இப்படியா பிரேக் போடுவாங்க? யாரு ஓட்டினது?”

யாருக்கும் அடி இல்லை. பின் விளக்கு மட்டும்தான் போயிருந்தது. பிரேக் டீச்சர் வாயைத் திறந்தாள். அவள் காதாலேயே கேட்டாள், தன் வாய் சொன்னதை.

“இப்பத்தான் கத்துக்கிறார். திடீர்னு மிதிச்சிட்டார்.”

பல்லுக்காரர் அவளை ஒரு தடவை பார்த்தார். பிறகு வேன்காரரிடம் திரும்பி, “ஆமாங்க. என் தப்புதான். மன்னிச்சிடுங்க” என்றார்.

அவ்வளவுதான். வேன்காரர் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போய்விட்டார்.

இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு மட்டும் கிடைத்த ஒரு சௌகரியம் உண்டு. டீச்சர் பிரேக்கை மிதித்தால், கற்றுக்கொள்கிறவர் பக்கத்துப் பெடலும் கூடவே இறங்கும். பதறிப்போய் இருக்கிற ஆளுக்குத் தான் மிதித்தோமா, அது தானாக இறங்கியதா என்று தெரியாது. எத்தனையோ பேர், அவள் மிதித்துக் காப்பாற்றிய பிரேக்கைத் தாங்களே மிதித்ததாக நினைத்து, “பாத்தீங்களா டீச்சர், எப்படி நிறுத்தினேன்!” என்று பெருமைப்பட்டிருக்கிறார்கள். இவருக்கும் தெரிந்திருக்காது என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். அன்று முழுக்கப் பல தடவை சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஸ்கூலில், நுழைந்ததும் சுவரில் ஒரு பலகை: ‘பதினொரு ஆண்டுகள். ஒரு கீறல்கூட இல்லை.’ அவளுக்காக முதலாளி எழுதி மாட்டியது. முதலாளி உடைந்த விளக்கைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். “ஸ்டூடண்ட் தப்புக்குப் பலகையை ஏன் எடுக்கணும்? இருக்கட்டும்” என்றார். பல்லுக்காரருடைய அட்டையில் ‘திடீர் பிரேக் பழக்கம், டெஸ்ட் ஒரு மாதம் தள்ளிவைப்பு’ என்று எழுதி, கையெழுத்துக்காக அவள் முன்னால் நீட்டினார். அவள் போட்டாள்.

அடுத்த மூன்று பாடங்களிலும் பல்லுக்காரர் மரியாதையாக இருந்தார். கேட்டதற்குப் பதில் சொன்னார். வண்டியை எடுக்கும் முன் அவள் கால் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். ‘ஒண்ணு கேக்கணும்’ என்றாரே, அதைப் பற்றி மூச்சு விடவில்லை. டெஸ்ட் தள்ளிப்போனதால் அதுவும் தள்ளிப்போயிருக்கிறது என்று இவள் கணக்குப் போட்டாள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்ன?

எட்டாவது நாள் லீவு. மத்தியானம் அம்மா உள்ளே கட்டிலில் கண்ணயர்ந்திருந்தாள். இவள் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மாடி வீட்டில் ஏதோ பாத்திரம் டங்கென்று விழுந்தது.

“நான்தான்” என்றாள் அம்மா. தூக்கத்தில். “என் தப்புதான், என் தப்புதான்.”

மடித்த துணியோடு பிரேக் டீச்சர் அப்படியே நின்றாள். இந்த வார்த்தையை அவள் எட்டு நாள் முன்னால் ரோட்டில் வைத்துக் கேட்டாள். அதே அமைதியான குரல். அன்றைக்குச் சொன்னது அவர். சொல்ல வைத்தது யார்?

ஒன்பது பேரை உட்கார வைத்து அளந்து, இவனிடம் அப்பா இருக்கிறார், அவனிடம் அப்பா இருக்கிறார் என்று எழுப்பி அனுப்பியவள் அவள். அப்பா இத்தனை நாளும் அவள் வாய்க்குள்ளேயே இருந்திருக்கிறார். அடிப்பாவி, என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அழுகை வந்தது. துணியை முகத்தில் வைத்து அழுதாள்.

மறுநாள் காலை முதல் வேலையாக முதலாளியிடம் போனாள்.

“அன்னிக்குப் பிரேக் மிதிச்சது நான். அவர் இல்லை. நான் ரோட்டைப் பாக்கலை.”

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். “இதை இப்ப யாரு கேட்டா டீச்சர்? எல்லாம் முடிஞ்சு போச்சே.”

“முடியலை சார். அவர் அட்டையில நான் பொய்க்குக் கையெழுத்துப் போட்டிருக்கேன்.”

முதலாளி அட்டையை எடுத்து அந்த வரியை அடித்தார், பழைய டெஸ்ட் தேதியையே எழுதினார். வியாழக்கிழமை. பலகையை அவளே நாற்காலி போட்டு ஏறிக் கழற்றினாள். சுவரில் அந்த இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது. அதைப் பார்க்க அவளுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. பதினொரு வருஷம் சும்மாவா?

பிறகு ரொட்டிக் கம்பெனிக்குப் போன் செய்து அந்த வேன்காரரைப் பிடித்தாள். விஷயத்தைச் சொன்னாள். “யாரு மிதிச்சா என்னம்மா, வண்டியில ரொட்டி இருக்கு, விடுங்க” என்று வைத்துவிட்டார்.

பல்லுக்காரருடைய இடம் ஒரு மளிகைக்கடைக்குப் பின்னால் இருந்தது. சின்ன அறை. சுவர் முழுக்கத் தட்டுகளில், மாவில் வார்த்த வாய்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். மேஜை விளக்கின் கீழ் குனிந்து ஒரு பல்செட்டை ராவிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் மோட்டாரை நிறுத்தினார். உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

“அன்னிக்குப் பிரேக்கை மிதிச்சது நான். உங்க மேல போட்டேன். என் தப்பு.”

“தெரியும்” என்றார்.

“தெரியுமா?”

“என் கால் ஆக்ஸிலேட்டர் மேல இருந்துச்சு. பிரேக் பெடல் தானா கீழ போச்சு. பல்லு முடி அளவு உயரம் இருந்தாலே கண்டுபிடிக்கிற வேலை என்னோடது டீச்சர். இது தெரியாதா?”

“அப்புறம் ஏன் உங்க தப்புன்னு சொன்னீங்க?”

அவர் கையிலிருந்த பல்செட்டைத் தட்டில் வைத்தார். “அந்த ஆளு கத்தறார். உங்க கை நடுங்குது. சரி, இந்த ஒரு தடவை நம்ம தலையில போட்டுக்குவோம், சாயங்காலம் அவங்களே சொல்லுவாங்கன்னு நெனச்சேன். சாயங்காலம் அட்டையில கையெழுத்துப் போட்டீங்க. சரி, நாளைக்குச் சொல்லுவாங்க. நாளைக்கும் சொல்லலை.” மேஜை விளக்கை அணைத்தார். “முந்தாநாள் வேற டிரைவிங் ஸ்கூல்ல விசாரிச்சிட்டு வந்தேன்.”

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“கோவத்துல இல்ல டீச்சர். ஒரு தடவை என்னால சொல்ல முடியும். ஆயுசு முழுக்கச் சொல்ல முடியாது. எதை வேணா பொறுத்துக்குவேன், இதை மட்டும் என்னால முடியாது.”

“எங்க வீட்டுல ஒருத்தங்க ஆயுசு முழுக்கச் சொல்லிட்டாங்க” என்றாள் அவள். பிறகுதான் உட்கார்ந்தாள். அம்மாவைப் பற்றிச் சொன்னாள். குடம், சாவி, மாடி வீட்டுப் பாத்திரம், முகம் பார்க்கும் கண்ணாடி எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்பது பேரை எதற்காக வேண்டாம் என்றாள் என்பதையும் சொன்னாள். “அவங்களை எல்லாம் இதுக்குத்தான் வேண்டாம்னேன். கடைசியில நானே இப்படி.”

சுவரில் அத்தனை வாய்கள் இருந்தும் யாரும் எதுவும் பேசவில்லை. அவர் எழுந்து ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

“பொருந்தாத பல்லை யாரும் தூக்கிப் போட மாட்டாங்க” என்றார். “எங்க இடிக்குதுன்னு தெரிஞ்சாப் போதும், ராவிடலாம். இடிக்கலைன்னு சொல்றவங்களுக்குத்தான் என்னால பல்லு கட்ட முடியாது.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கிளம்பும்போது வாசல்வரை வந்தவர் கேட்டார்: “டெஸ்ட் தேதி என்ன ஆச்சு?”

“பழைய தேதிதான், நாளைக்கே. வியாழக்கிழமை.”

“அப்ப வெள்ளிக்கிழமை கேக்கறேன்.”

வியாழக்கிழமை பாஸ் செய்தார். வெள்ளிக்கிழமை கேட்டார். அவள் சரி என்றாள். ஆனால் ஒன்று சொன்னாள்: “நான் இன்னும் முழுசா ராவி முடியலை. அப்பப்ப இடிக்கும்.” “எனக்கும்தான்” என்றார் அவர். அக்காவுக்குச் செய்தி போனபோது, “அந்த டீ கொட்டினவன் பாவம்டி” என்று மட்டும் சொல்லிவிட்டு, போனில் மூக்கைச் சிந்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் அம்மாவைப் பார்க்க வந்தார். அம்மா சமையலறையில் இருந்தாள். கூடத்தில் இவர்கள் இரண்டு பேரும். பிரேக் டீச்சருக்கு எங்கே உட்கார்வது, கையை எங்கே வைப்பது என்று புரியவில்லை. மேஜையைச் சரி செய்கிறேன் என்று திரும்பியவளின் முழங்கை பட்டு, கண்ணாடி ஜாடி ஒன்று தரையில் விழுந்து சுக்குநூறானது.

“நான்தான்!” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “நான்தான் ஓரத்துல வச்சிட்டேன்.”

அந்த ‘நான்தானை’ அவள் முப்பத்தொன்பது வருஷமாக வாங்கி வாங்கி உள்ளே போட்டுக்கொண்டவள். அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சமையலறை வாசலுக்குப் போய் நின்றாள்.

“அம்மா, நீ இல்ல. நான்தான் தட்டிவிட்டேன். அந்த முகம் பாக்கற கண்ணாடியும் நான்தாம்மா உடைச்சேன், அப்ப, சின்ன வயசுல. நீ இல்ல.”

அம்மா கரண்டியைப் பிடித்தபடியே நின்றாள். இப்படி ஒன்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. மகளின் முகத்தையே பார்த்தாள். பிறகு அடுப்பைக் குறைத்துவிட்டு, வாசற்படிவரை வந்து, கூடத்தை எட்டிப் பார்த்தாள்.

“என்னடி உடைஞ்சுது?” என்று கேட்டாள்.